வடிவு யார் சொன்ன கதை?

1

பதிப்பகத்திலிருந்து வந்த படிவத்தில் இரண்டே கட்டங்கள்தான் இருந்தன. முதல் கட்டத்துக்கு எதிரே, ‘இக்கதை மக்களிடையே வழிவழியாகச் சொல்லப்படுவது, தனி ஒருவருக்கு இதில் உரிமை இல்லை’ என்று போட்டிருந்தது. இரண்டாவதில், ‘இக்கதை கீழே கையெழுத்திடுபவரின் சொந்தக் கற்பனை, நூலாசிரியர் இதைப் பயன்படுத்த அவர் சம்மதிக்கிறார்’. ஏதாவது ஒன்றில் டிக் அடித்துக் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

ஜெர்மனிக்கு வந்து இருபத்தொன்பது வருடம் ஆகிறது. பிரேமன் நகரத்தில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் நிரப்பிய படிவங்களை அடுக்கினால் எங்கள் வீட்டுப் பரண் கொள்ளாது. வீட்டில் நாய் இல்லை என்பதற்குக்கூட ஒரு தடவை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எதற்கும் இப்படி முழித்ததில்லை. இரண்டு வாரம் அந்தக் காகிதம் ஃப்ரிட்ஜ் கதவில் காந்தத்துக்கு அடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். என் மகள் கோமதி ஜெர்மன் மொழியில் ஒரு நாவல் எழுதியிருக்கிறாள். குற்றாலத்துக் கோயில் கதையில் வருகிற வடிவு என்ற பூக்கட்டும் பெண்ணைப் பற்றியது. அந்தக் கதையை அவள் என்னிடம்தான் கேட்டாள். அச்சுக்குப் போகும் முன் பதிப்பகம் கேட்கிறது: கதை ஊருடையதா, உங்களுடையதா?

2

கோமதிக்கு நாலு வயதாக இருந்தபோது என் மனைவி தங்கத்துக்கு ஆஸ்பத்திரியில் மத்தியான ஷிஃப்ட். அவள் நர்ஸ். நான் வேலை முடிந்து வந்து பிள்ளையைக் கூட்டிவந்து, ரசம் சாதம் பிசைந்து ஊட்ட வேண்டும். கோமதி ஒரு வாய் வாங்கினால் அதைக் கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கதை சொன்னால்தான் விழுங்குவாள். நரியும் காக்காயும் ஒரு மாதத்தில் தீர்ந்துபோயின. ஒரு நாள் குற்றாலத்துக் கதையை எடுத்தேன்.

தென்காசிப் பக்கம் பிறந்தவர்களுக்கு அது தெரியும். குற்றாலம் கோயில் முதலில் பெருமாள் கோயிலாக இருந்தது. திருநீறு பூசிய குள்ள முனிவரை உள்ளே விடவில்லை. அவர் மறுபடி நாமம் போட்டுக்கொண்டு வந்து, உள்ளே போய், நின்ற பெருமாளின் தலையில் கையை வைத்து அழுத்தி லிங்கமாகக் குறுக்கிவிட்டார். அந்த அழுத்தில் சாமிக்குத் தலைவலி வந்துவிட்டது, அதனால்தான் இன்றைக்கும் தைலம் தேய்க்கிறார்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது.

கோமதி கன்னத்துச் சோற்றை விழுங்காமலே கேட்டாள், “அப்பா, நேத்து சாமிக்குக் கட்டுன மாலை?”

எனக்குப் புரியவில்லை. பாதி ஜெர்மனும் பாதித் தமிழுமாக அவள் விளக்கினாள். நேற்று வரை பெருமாள் இருந்தார். காலையில் அவருக்குப் போட யாராவது மாலை கட்டி வைத்திருப்பார்கள். அவர்கள் மாலையைத் தூக்கிக்கொண்டு வந்தால் அங்கே பெருமாள் இல்லை. மாலையை என்ன செய்வார்கள்?

என் கையில் ஒரு கவளம் சோறு இருந்தது. ஏதாவது சொல்லியாக வேண்டும். “அவ பேரு வடிவு” என்றேன். ஏன் அந்தப் பெயர் வந்தது என்று தெரியாது. பிள்ளை வாயைத் திறந்தாள். ஊட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் எங்கள் வீட்டில் வடிவுதான். துளசி மாலையோடு வந்து நிற்கிறாள். சிவனுக்குத் துளசி போட முடியாது. சாமிக்கென்று கட்டியதை வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. ‘நேத்து இருந்தவரு எங்க?’ என்று புதுச் சாமியிடம் கேட்கிறாள். அவருக்குத் தலைவலி, பதில் சொல்லவில்லை. மாலையைத் தூக்கிக்கொண்டு மலையேறி ஐந்தருவிக்குப் போகிறாள். ஒவ்வொரு கிளையிலும் கொஞ்சம் துளசியைக் கிள்ளிப் போட்டு, ‘நீங்க இங்கன இருக்கீகளா?’ என்று கேட்கிறாள். நான் எங்காவது மாற்றிச் சொன்னால் கோமதி பிடித்துவிடுவாள். “நேத்து மூணாவது அருவியிலதான் மீன் வந்துச்சு” என்பாள்.

ஒரு நாள் கிண்டர்கார்டன் ஆசிரியை என்னைத் தனியாக அழைத்து, வீட்டில் யாராவது இறந்துவிட்டார்களா என்று மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார். கோமதி தினமும் சவ அடக்கத்தைப் பற்றிப் பேசுகிறாளாம். மாலைக்கு ஜெர்மனில் என்ன சொல் என்று பிள்ளை கேட்டபோது நான் ‘கிரான்ஸ்’ என்று சொல்லிக் கொடுத்திருந்தேன். அது இங்கே கல்லறையில் வைக்கிற மலர்வளையம். சாமிக்கு மலர்வளையம் கொண்டுபோன பெண்ணின் கதையைக் கேட்டு வகுப்பில் இரண்டு குழந்தைகள் அழுதிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். ஆசிரியைக்கு என்ன புரிந்ததோ, என் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லி அனுப்பினார்.

3

பிள்ளை பெரியவளானாள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். எங்களிடம் கேட்ட தமிழைத்தான் அவள் எழுதுவாள். ‘நான் வருதேன்’ என்று எழுதியதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில் ‘வருகிறேன்’ என்று எழுதி வந்தது. எது சரி என்று கேட்டாள். ரெண்டும் சரிதான் என்றேன். அப்படியென்றால் வட்டம் எதற்கு என்றாள்.  பன்னிரண்டு வயதில் வகுப்பை நிறுத்திவிட்டாள். பொங்கல் விழாவுக்குக் கூட்டிப்போனால் காதில் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பாள். படிக்க லைப்சிக் நகரத்துக்குப் போனபின் அதுவும் இல்லை.

பிறகு ஒரு விடுமுறைக்கு வந்தவளின் பையில் மூன்று தடித்த ஆங்கில நாவல்கள் இருந்தன. எல்லாம் நம் புராணக் கதைகளைப் புதிதாகத் திருப்பி எழுதியவை. கதையில் ஓரமாக நின்ற பெண்கள் நடுவுக்கு வந்து நியாயம் கேட்கிறார்கள். தேவர்கள் ஆபீஸ் சிநேகிதர்கள் மாதிரி பேசிக்கொள்கிறார்கள். பத்துப் பக்கம் புரட்டிவிட்டுக் கீழே வைத்தேன். இப்படியா எழுதுவது என்று கேட்டேன்.

“எனக்கு சாமி கும்பிடத் தெரியாதுப்பா” என்றாள். “ஆனா இவங்கள எனக்குத் தெரியும்.”

அவளைப் போலவே இங்கே பிறந்த குஜராத்திப் பெண், பஞ்சாபிப் பையன் என்று ஒரு கூட்டம். அந்தப் புத்தகங்களைக் கைமாற்றிப் படித்து மணிக்கணக்கில் சண்டை போடுகிறார்கள். கோயிலில் எந்தப் பக்கம் சுற்ற வேண்டும் என்று தெரியாது. எந்த அம்மன் எந்தச் சாமியிடம் எதற்காகக் கோபித்துக்கொண்டாள் என்று தெரியும். சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று எனக்குத் தெரியவில்லை. தங்கம், “ஏதோ ஒரு வழியா வருதால்ல, விடுங்க” என்றாள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் கோமதி ஒரு கட்டுக் காகிதத்தை வைத்தாள். அவள் எழுதிய நாவல். முதல் பக்கத்தில், ‘குற்றாலத்துக் கோயில் கதையிலிருந்து அழிக்கப்பட்ட வடிவுக்கு’ என்று இருந்தது. நான் ஜெர்மன் மெதுவாகத்தான் படிப்பேன். ஓரிடத்தில் வடிவு அந்த முனிவரை வழிமறித்து, ‘நான் தூங்கி எழுவதற்குள் என் சாமியை மாற்றிவிட்டாயே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா?’ என்கிறாள். அது நான் சொன்னதில்லை. அந்த வரியை நாலு தடவை படித்தேன். நன்றாக இருந்தது. முதல் பக்கத்துக்குத் திரும்பினேன். வடிவை யாரும் அழிக்கவில்லையே. அவள் இருந்ததே இல்லையே.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து கோமதி அவள் அம்மாவிடம், “எங்க ஊர்ல இப்பிடி ஒருத்தி இருந்திருக்காம்மா” என்றாள். தென்காசியை அவள் ‘எங்க ஊர்’ என்று சொல்லி அதுவரை நான் கேட்டதில்லை. ‘உங்க ஊர்’ என்றுதான் சொல்வாள். நான் இன்னும் கொஞ்சம் தயிர் விட்டுக்கொண்டேன்.

தங்கத்துக்குத் தெரியும். அடுக்களையில் வைத்து, “சொல்லிருங்க” என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். படிவம் வந்துவிட்டது.

4

டிக் அடிக்கும் முன் ஊருக்குப் போய்க் கேட்டுவிடலாம் என்று கோமதிதான் சொன்னாள். ஊரில் இரண்டு பேர் ‘ஆமாம், கேட்டிருக்கிறோம்’ என்று சொன்னால் போதும், பதிப்பாசிரியர் ஒப்புக்கொள்வார் என்றாள். போகிற வழியில் சொல்லிவிடலாம் என்று நினைத்து நானும் கிளம்பினேன். தங்கத்துக்கு லீவு கிடைக்கவில்லை. திருவனந்தபுரத்தில் இறங்கி, புனலூர், ஆரியங்காவு வழியாக மலை இறங்கி வந்தோம். செங்கோட்டை தாண்டியதும் சாரல் கார்க் கண்ணாடியில் அடித்தது. கோமதி ஜன்னலை இறக்கி முகத்தை நீட்டிக்கொண்டாள். அந்த முகத்தைப் பார்த்து எனக்குச் சொல்ல வரவில்லை.

என் அண்ணன் முருகையா போலீஸில் எஸ்.ஐ.யாக இருந்து ஓய்வு பெற்றவர். குத்துக்கல்வலசையில் புது மனைகளுக்கு நடுவே வீடு கட்டிக்கொண்டு மதினியோடு இருக்கிறார். அவர்கள் மகன் ராணுவத்தில், வடக்கே எங்கோ. என்னைவிட அண்ணன் ஒன்பது வயது மூத்தவர். அப்பா, அம்மா போனபின் எங்கள் வீட்டுப் பழைய சங்கதி எதற்கும் அவர்தான் ஆள்.

வந்து குளித்து உட்கார்ந்ததும் மதினி ஆப்பம் சுட்டுப் போட்டார்கள். கோமதி இரண்டாவது ஆப்பத்திலேயே கேட்டுவிட்டாள், “பெரியப்பா, வடிவு கத சின்ன வயசுலயே உங்களுக்குத் தெரியுமா?”

நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தெரியாது என்று சொல்வார், அதோடு எல்லாம் முடிந்துவிடும், நானாகச் சொல்ல வேண்டிய அவசியம் இருக்காது என்றுகூட ஒரு நிம்மதி.

“தெரியாமயா?” என்றார் அண்ணன். “துளசி மால கொண்டுட்டு வந்தவதான? எங்க அப்பா சொல்லுவாகளே.”

கோமதி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் அண்ணனைப் பார்த்தேன். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. வடிவு ஐந்தருவிக்குப் போனதையும், ஒவ்வொரு கிளையிலும் நின்று கேட்டதையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். மூன்றாவது அருவியில் மீன் வந்ததையும் சொன்னார். என் கையிலிருந்த ஆப்பம் அப்படியே இருந்தது.

எனக்காக அண்ணன் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆனால் எப்படி இவ்வளவு விவரமாக?

5

மறுநாள் நானும் கோமதியும் குற்றாலம் போனோம். சீசன் கூட்டம். கோயில் ஆபீஸில் இருந்தவரிடம் அவள் தன் தென்காசித் தமிழில் கேட்டாள். ஜெர்மன் உச்சரிப்போடு ‘சொல்லுதாங்க, வருதாங்க’ என்று அவள் பேசுவதைக் கேட்டு அவருக்குச் சிரிப்பு வந்தது. தலக்கதை எல்லாம் சொன்னார். வடிவு என்று யாரையும் தெரியாது என்றார்.

வாசலில் பூ விற்கிற ஒரு பெண்ணிடம் கேட்டாள். அந்தப் பெண்ணுக்கு முப்பது வயதுதான் இருக்கும். கை தன் பாட்டுக்கு நாரில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்க, கதை முழுவதையும் கேட்டாள்.

“ஐந்தருவிக்கு எதுக்கு நடக்கணும்?” என்றாள். “துளசி மால வெயிலு ஏறுச்சுன்னா துவண்டுரும். அதுக்குள்ள வேற பெருமாள் கோயிலுக்குக் குடுத்திருப்பா. கட்டுன மாலைய வச்சிக்கிட்டு அழுதுகிட்டா நிப்பா?”

கோமதி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள். ஆனால் முகம் வாடிவிட்டது. ஆட்டோ பிடித்து ஐந்தருவிக்குப் போனோம். ஆண்கள் பக்கம் ஒரு வரிசை, பெண்கள் பக்கம் ஒரு வரிசை. அவள் போய்க் குளித்துவிட்டு, தலையில் தண்ணீர் சொட்ட, மங்குஸ்தான் கடைப் பக்கம் வந்து நின்றாள். குளிரில் பல் கிட்டியது. துண்டைக் கொடுத்தேன்.

“அஞ்சு இருக்குன்னு நீ சொல்லும்போது நான் நம்பலப்பா” என்றாள். “எண்ணிப் பாத்தேன். அஞ்சுதான்.”

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. வடிவு என்று யாரும் கிடையாது, நான்தான் உண்டாக்கினேன், உனக்குச் சோறு ஊட்ட வேறு வழி தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். பக்கத்தில் கடைக்காரர் பழத்துக்கு விலை கூவிக்கொண்டிருந்தார்.

அவள் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் துவட்டினாள். பிறகு, “பெரியப்பா சொன்னாங்களே” என்றாள்.

எனக்காகச் சொல்லியிருப்பார் என்றேன்.

“அப்பிடின்னா எல்லாரும் சேந்து என்னைய ஏமாத்துனீங்க.” குரல் உயரவில்லை. “இந்த ஊர்ல எனக்குத் தெரிஞ்ச ஒரே ஆளு அவதான்ப்பா.”

திரும்பி வரும்போது ஆட்டோவில் அவள் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். நான் செய்தது தப்பு என்று தெரிந்தது. ஆனால் எந்த நாளில் அது தப்பாக மாறியது என்று யோசித்தால் பிடிபடவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்குக் கதை சொன்னது தப்பா? பத்து வயதில் கூப்பிட்டு வைத்து, அது பொய் என்று சொல்லியிருக்க வேண்டுமா? எந்த அப்பா அப்படிச் சொல்கிறான்?

6

அடுத்த நாள் கோமதி என்னோடு பேசவில்லை. நிலைமையைச் சரிக்கட்டவோ என்னவோ, அண்ணன் எங்களைச் சுந்தரபாண்டியபுரத்துக்குச் சூரியகாந்தி பார்க்கக் கூட்டிப்போனார். அவரே காரை ஓட்டினார். வயலோரம் கல்யாண ஜோடிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். கோமதி பெரியப்பாவோடு நின்று எடுத்துக்கொண்டாள். என்னைக் கூப்பிடவில்லை.

திரும்பும்போது ஒரு முக்கில் அண்ணன் காரை நிறுத்தினார். இடதும் வலதும் பார்த்தார். பின்னால் ஒரு டிராக்டர் ஹாரன் அடித்தது.

“ஏலே, இங்கன இருந்து வீட்டுக்கு எப்படிப் போகணும்?” என்றார்.

இருபது வருடம் இந்தப் பக்கத்து ஸ்டேஷன்களில் வேலை பார்த்த மனிதர். இருட்டில் சைக்கிளில் போனவர். கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. இண்டிகேட்டரை இடதுக்கும் வலதுக்கும் மாற்றி மாற்றிப் போட்டார். பின்சீட்டிலிருந்து கோமதி ஃபோனைப் பார்த்து, “லெஃப்ட், பெரியப்பா” என்று மெதுவாகச் சொன்னாள். வீடு வரைக்கும் அவள்தான் வழி சொல்லிக்கொண்டு வந்தாள்.

சாயங்காலம் அண்ணனிடம் தனியாகக் கேட்டேன். வடிவு கதையை நீங்கள் ஏன் அப்பா சொன்னதாகச் சொன்னீர்கள், அது நான் உண்டாக்கியதல்லவா என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“நீ எங்க உண்டாக்குன? அம்மா ஆஸ்பத்திரில கெடந்த வருசம் ஒனக்கு மூணு வயசு. சோறு திங்க மாட்ட. அப்பாதான் ஒன்ன மடில வச்சு ஊட்டுவாக. நான் எதுத்தாப்புல இருந்து திம்பேன். அப்ப சொன்ன கததாம்லே அது. எத்தன சாட்சிய விசாரிச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா எது நடந்தது, எது கட்டுனதுன்னு?”

அம்மா அப்படி ஆஸ்பத்திரியில் கிடந்தது உண்மை. எனக்கு யார் ஊட்டினார்கள் என்று எனக்கு நினைவில்லை. மூன்று வயது நினைவு யாருக்கு இருக்கும்? அப்பா எனக்கு ஊட்டினார் என்று அன்றுதான் முதல்முறையாகக் கேட்கிறேன்.  அப்படியானால் அந்தப் பெயர், ஏன் வந்தது என்று தெரியாமல் என் வாயில் வந்ததே, அது அங்கிருந்துதான் வந்ததா?

அடுக்களைக்குப் போய் மதினியிடம் இதைச் சொன்னேன். மதினி அடுப்பை அணைத்தார்கள்.

“தம்பி, ஒங்ககிட்டச் சொல்லக் கூடாதுன்னு ஒங்க அண்ணன் சத்தியம் வாங்கியிருக்காக” என்று ஆரம்பித்தார்கள். ஒரு வருடமாகவே மறதியாம். திருநெல்வேலியில் நரம்பு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். மறதி நோயின் ஆரம்பம், மெதுமெதுவாகக் கூடும் என்று சொல்லியிருக்கிறார். தூரத்தில் இருக்கிறவனுக்குச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று அண்ணன் தடுத்துவிட்டார்.

“கோமதி அந்தக் கதைய எழுத எழுத இவுகளுக்கு அனுப்புனா. போன்ல தமிழா மாத்தி மாத்தி வாசிப்பாக. தெனமும் அதத்தான். இப்பம்லாம் நடந்தது, கேட்டது, வாசிச்சது எல்லாம் ஒண்ணாக் கலந்து போகுது தம்பி. எனக்கே எது நெசம்னு தெரியல.”

கோமதி பெரியப்பாவுக்கு அனுப்பினாள் என்பதே எனக்குத் தெரியாது. அவர் தினமும் வாசித்ததும் தெரியாது. ஞாயிறு தவறாமல் ஃபோன் பேசுகிற எனக்கு, அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்பதே தெரியவில்லை.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் எல்லாவற்றையும் கோமதியிடம் சொன்னேன். மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவள் அனுப்பிய அத்தியாயங்களில் மீன் இருந்ததா என்று கேட்டேன். யோசித்தாள். ஒரு பிரதியில் இருந்தது, பிறகு எடுத்துவிட்டேன், பெரியப்பாவுக்கு அனுப்பியது எது என்று ஞாபகமில்லை என்றாள்.

“நீ கண்டுபிடிச்சதுன்னா எனக்குக் கோவம் வருது. தாத்தா சொன்னதுன்னா சந்தோஷமா இருக்கு. ரெண்டும் ஒரே கததான? ஏன் அப்பிடின்னு எனக்கே புரியல” என்றாள். பிறகு, “தாத்தா எங்க கேட்டாங்க? அவங்களும் சோறு ஊட்டத்தான சொன்னாங்க?” என்றாள்.

எனக்கும் அதே கேள்விதான். பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் கீழே நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தார்.

7

நான் மட்டும் திரும்பி வந்தேன். கோமதி லீவை நீட்டித்துக்கொண்டு மூன்று வாரம் குத்துக்கல்வலசையில் இருந்தாள். பெரியப்பாவோடு காலையில் நடக்கப் போனாள். அவர் சொல்கிறதை எல்லாம் எழுதிக்கொண்டாள். எதையும் திருத்தவில்லை என்று சொன்னாள். அவரே ஒரே விஷயத்தை இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதிக்கொண்டாளாம்.

முதல் பக்கத்திலிருந்து ‘அழிக்கப்பட்ட’ என்ற சொல்லையும் அதற்கு முன் இருந்ததையும் எடுத்துவிட்டாள். இப்போது ‘வடிவுக்கு’ என்று மட்டும் இருக்கிறது.

படிவத்துக்காகப் பதிப்பக அம்மையாருக்கு ஃபோன் செய்தேன். நானாகச் சொன்ன கதை என்று நினைத்திருந்தேன், என் அப்பா சொன்னதாக அண்ணன் சொல்கிறார், அண்ணன் என் மகள் எழுதியதை வாசித்திருக்கிறார், அவருக்கு நினைவு சரியில்லை என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். உங்கள் அண்ணன் இதை எழுத்தில் தர முடியுமா என்றார். தர முடிகிற நிலையில் இல்லை என்றேன். அப்படியானால் வேறு சாட்சி இல்லாதவரை கதை உங்களுடையது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும், இரண்டாவது கட்டத்தில் குறியிடுங்கள் என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

குறியிட்டேன். கையெழுத்துப் போடும்போது, அண்ணனுக்கும் பங்குள்ள வீட்டை அவருக்குத் தெரியாமல் என் பெயருக்கு மாற்றிக்கொள்வது மாதிரி இருந்தது. தங்கம் உறையை ஒட்டிக் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

போன சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் வீடியோவில் கூப்பிட்டார். பின்னால் மதினி நடமாடுவது தெரிந்தது. அங்கே மழை. நலம் விசாரித்தோம். வேலையில் லிஃப்ட் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டார். பிறகு முகத்தை ஃபோனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, “ஏலே, வடிவு கத தெரியுமா ஒனக்கு?” என்றார்.

“சொல்லுங்கண்ணே” என்றேன்.

வடிவு துளசி மாலையோடு வந்து நின்றாள், உள்ளே சாமி மாறிக் கிடந்தது என்று ஆரம்பித்தார். இந்தத் தடவை அவள் அருவிக்குப் போகவில்லை. கோயில் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மாலையில் போட்ட முடிச்சுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். துளசியை மடியில் கட்டிக்கொண்டாள். நார் அறுந்துவிடாமல் நீவி எடுத்து, தண்ணீரில் நனைத்து, அதே நாரில் வில்வத்தைக் கட்டத் தொடங்கினாள். யார் வந்து என்ன கேட்டும் அவள் தலை நிமிரவில்லை.

இது என் கதையில் இல்லை. கோமதிக்கு உடனே ஃபோனில் எழுதிக் கேட்டேன். அவள் புத்தகத்திலும் இல்லை, நோட்டிலும் இல்லை என்று பதில் வந்தது.  இதைத்தான் அப்பா சொல்லியிருப்பாரோ?

“அண்ணே, இது யாரு சொன்னது?” என்று கேட்டேன்.

 இது என்ன கேள்வி என்பது மாதிரி இருந்தது அவர் முகம்.

“நீதாம்லே சொன்ன” என்றார்.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.